வி ஃபோர் வவுனியா

புது ஃபைபர் கனெக்ஷன் வந்துவிட்டது, பழைய லைனை வெட்டிவிடுங்கள் என்று போன வாரம் கோல் எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பிள்ளை ரொம்ப மரியாதையாக, "சரி சேர், அதோட உங்கட ஈமெயிலும் குளோஸ் ஆகிடும்" என்றது. எந்தக் கொம்பனி என்று சொல்லமாட்டேன். நாளைக்கும் அவர்கள் தயவில்தான் என் கடை ஃபோன் அடிக்க வேண்டும்.

லைனோடு அவர்கள் கொடுத்த அந்த ஈமெயிலுக்கு வாடிக்கையாளர் யாரும் எழுதுவதில்லை. விதைக் கொம்பனிக்காரர்கள் விலைப்பட்டியலை வட்ஸ்அப்பில் போடுகிறார்கள். லீக்ஸ் விதை வேண்டியவர் கந்தப்பளை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுகிறார். ஆனாலும் அதை எழுதாத இடமில்லை. போர்டில், பில் புத்தகத்தில், ரப்பர் ஸ்டாம்பில், லொறிக் கதவில், வருஷா வருஷம் அடித்துக் கொடுக்கிற முருகன் கலண்டரில், வள்ளி தெய்வானை காலடியில். நீங்களும் அப்படித்தான் அடித்து வைத்திருப்பீர்கள்.

அதை ஃபோனில் சொல்லிப் பழக்கிய பாடு எனக்குத்தான் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஊர் சொல்ல வேண்டும். பி-க்குப் பண்டாரவளை, எச்-சுக்கு ஹட்டன், எம்-முக்கு மஸ்கெலியா, ஆர்-ருக்குச் சாட்சாத் ராகலை. என் கடைப் பெயரோ வி-யில் ஆரம்பிக்கிறது. வட்டவளை என்று வாய்வரைக்கும் வரும், அதற்கு டபிள்யூ. வலப்பனைக்கும் டபிள்யூ. வெள்ளைஓயா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கொழும்புப் பிள்ளைக்கு வெள்ளைஓயாவை யார் காட்டியது? ஆகவே மலையை விட்டு இறங்கி வவுனியா வரை போய்த் திரும்ப வேண்டும். ஐ-க்கு இங்கிரிய என்றால் "ஈ-யா சேர்?" ஜி-க்குக் கினிகத்தேனை என்றால் கே போட்டுவிடுகிறார்கள். என்-னுக்கு நானுஓயா என்று கத்தினால் எம்-மா என்று கேட்கிறார்கள். மஸ்கெலியா எங்கே, நானுஓயா எங்கே! நடுவில் ஒரு அண்டர்ஸ்கோர் வேறு. 'கீழே ஒரு கோடு' என்றால், மேலே என்ன போடுவது என்று கேள்வி. கடைசி டொட்டுக்கு வந்து சேர்வதற்குள் ரீலோட் முடிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1971இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கர் ஆளின் பெயருக்கும் இயந்திரத்தின் பெயருக்கும் நடுவே அந்த 'அட்' குறியை வைத்தார். இடப்பக்கம் நாம், வலப்பக்கம் கொம்பனி. தோட்ட வேலையை விட்டால் லயக் காம்பராவையும் விடு என்கிற அதே நியாயம்தான். லயத்தில் வீட்டுக்கு வீடு முகவரி ஏது? கடிதமெல்லாம் தோட்ட ஒஃபீஸுக்கு வந்து கிடக்கும். கைக்கு வரும்போது நேர்முகப் பரீட்சை முடிந்திருக்கும். அப்படி வளர்ந்தவன் சொந்தமாக ஒரு முகவரி கிடைத்தால் லொறியில் எழுதாமல் என்ன செய்வான்? இந்தியாவில் 2011 ஜனவரியிலிருந்து கொம்பனி மாறினாலும் மொபைல் நம்பரைக் கையோடு கொண்டுபோகலாம். ஈமெயிலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சொந்த டொமைன் வாங்குங்கப்பா என்கிறான் மகன். டொட் எல்கே 1990இலிருந்து இருக்கிறது. காசு கட்டுகிற வரைக்கும் பெயர் நம்முடையது. எந்தக் கொம்பனி லைன் இழுத்தாலும் முகவரி மாறாது. மெயில் வைத்திருக்கும் இடத்தை மாற்றினால் எம்எக்ஸ் ரெக்கோர்ட் என்று ஒன்றைத் திருத்தினால் போதுமாம். 'டொட் இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே கூட வாங்கலாம். வவுனியாப் பயணம் ஒழிந்தது என்று துள்ளினேன். நிறைய வெப்சைட் படிவங்கள் தமிழ் எழுத்தை ஈமெயில் என்று ஒப்புக்கொள்வதே இல்லையாம்.

டொமைன் வாங்கலாம். ராகலையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் சுவரில் தொங்குகிற முருகனை யார் திருத்துவது?

அதனால் பழைய லைனை ஆகக் குறைந்த பெக்கேஜில் அப்படியே விட்டிருக்கிறேன். ரவுட்டர் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. பில் மட்டும் மாசா மாசம் தவறாமல் அந்த ஈமெயிலுக்கு வருகிறது. அதற்கு வருகிற ஒரே கடிதம் அதுதான். கலண்டர் வாங்கிப் போனவர்கள் தயவுசெய்து ஏதாவது எழுதிப் போடுங்கள், லீக்ஸ் விதை விலை கேட்டாவது.