காரண புருஷர்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினின்பால் அவருக்குச் சிறிதும் சிரத்தை கிடையாது. அது நீரை நிரப்பிக்கொண்டு, அழுக்கை அகற்றி, துணியைப் பிழிந்து, மணியடித்துத் தன் கடமையை முடிக்கும் வரையில் அதை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை; என்றைக்கு அதன் டிரம் சுற்ற மறுத்து, ஊறிய போர்வையையும் அரைகுறையாய் நுரைத்த நீரையும் வயிற்றில் தாங்கி அசைவற்று நிற்கிறதோ, அன்றைக்குத்தான் அது அவருடைய கடாட்சத்துக்குப் பாத்திரமாகிறது. சென்னைப் புறநகரின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் இவரைப் போன்ற ஒருவர் இருந்தே தீருவார். பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அதிலும் தணிக்கை இலாகாவைச் சேர்ந்தவராயின் விசேஷம், ஏனெனில் எதையும் தொடாமலே குற்றம் காணும் வித்தையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆயுள் முழுவதும் பயின்றவர்கள் அவர்களைத் தவிர வேறு யாரும் இலர்.

மெஷின் நின்ற செய்தி அவருக்கு எவ்வாறு எட்டுகிறது என்பதை யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் கம்பெனிக்குப் போன் செய்து, தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு மூன்றை அழுத்தி, மெக்கானிக் நாளை மறுநாள் வருவார் என்ற அபயத்தைப் பெற்றுப் போனை வைக்குமுன்பே, சட்டைப்பையில் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு அவர் வாசலில் நிற்பார். அந்த டெஸ்டரை எந்தத் துவாரத்திலும் அவர் வைத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. டவாலிச் சேவகனுக்கு வில்லை எப்படியோ, அப்படி அவருக்கு அது.

“என்னம்மா, சுத்தலையா?”

“சுத்தலை சார். நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. காலையில அவர் பேண்ட்டைப் போட்டேன், ‘கடக்’னு ஒரு சத்தம், அப்படியே நின்னுடுச்சு.”

“சத்தம் கிடக்கட்டும். வோல்டேஜ் எப்படி வருது?”

அந்த அம்மாள் சொன்ன ‘கடக்’கில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பார். அவர் ஊகிக்க மாட்டார். நம் நாட்டுத் தார்க்கிகர்கள் பிரமாணங்களை வரிசைப்படுத்தியபோது பிரத்தியட்சத்துக்கு முதலிடமும் அனுமானத்துக்கு அடுத்த இடமும் கொடுத்தார்கள். அவரோ அனுமானத்தைச் சிங்காதனத்தில் ஏற்றிப் பிரத்தியட்சத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டவர்.

நியாயமாகப் பார்த்தால், சுற்றாத டிரம்மைப் பற்றிய விசாரணை அப்படியொன்றும் துர்லபமானதன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, டிரம்மைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். எவ்விதத் தடையுமின்றி அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டே போகுமானால், மோட்டாரையும் டிரம்மையும் இணைக்கும் பெல்ட் அறுந்தோ கழன்றோ போயிருக்கும். அசையவே மறுத்தால் பேரிங் இறுகியிருக்க வேண்டும். அன்றி, உள்ளே சுற்றும் டிரம்முக்கும் அதைச் சூழ்ந்த தொட்டிக்கும் நடுவே ஒரு காசோ, ஹேர்பின்னோ, உள்ளாடையிலிருந்து நழுவிய கம்பியோ போய்ச் சிக்கியிருக்க வேண்டும். கையால் தள்ளினால் சுற்றுகிறது, மின்சாரம் கொடுத்தாலோ ‘உம்’மென்று முனகுவதோடு சரி என்றால், மோட்டாரை உந்திக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் ஓய்ந்துவிட்டது, செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் அடிக்கடி காண்பது இதுவே. முனகல்கூட இல்லையா, கதவின் லாக் விழுந்ததா, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்ததா என்று பார்க்கலாம். உள்ளே பழைய நீர் வடியாமல் நின்றால் பிழிவதற்கு மெஷின் இசையாது. அதற்குக் கீழ்ப்புற ஃபில்டரைத் திருகி எடுத்து, அதில் சேர்ந்திருக்கும் பொத்தான்களையும் நூற்குப்பையையும் களைந்தாலே போதும். இவை எல்லாவற்றையும் விட எளிய காரணம் ஒன்றும் உண்டு. தண்ணீர்த் தொட்டி தலைக்கு நேர்மேலே இருக்கிற கடைசி மாடி வீடுகளில் குழாயில் அழுத்தம் போதாமல், வேண்டிய மட்டத்துக்கு நீர் ஏறும் வரை மெஷின் பொறுமையாய்க் காத்துக்கொண்டிருக்கும். அதற்கு நோய் கண்டுவிட்டதென்று நாம் பதறிக்கொண்டிருப்போம்.

இந்தச் சங்கதிகள் ஒன்றும் அவர் அறியாதவையல்ல. ஆனால் காரணங்களை அவர் அவற்றின் அந்தஸ்தைக் கொண்டே எடைபோடுவார். குழாய் திறக்கவில்லை, காசு சிக்கியது என்பன போன்ற அற்ப காரணங்களை அவர் வாயால் உச்சரிப்பதே இல்லை. பெல்ட், கெப்பாசிட்டர் ஆகியவை மத்திமம்; வாடகைக்குக் குடியிருப்போரின் மெஷின்களுக்கு அவை போதும். உத்தமமானது எதுவென்றால் போர்டு. ‘போர்டு போயிடுச்சு’ என்ற இரண்டு சொற்களை அவர் சொல்லும்போது குரல் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பின்புறத் தகட்டின் இடுக்கு வழியாகப் பல்லி நுழைந்து போர்டின் மேல் படுத்து, தானும் மாய்ந்து அதையும் மாய்த்த வரலாறுகளை எடுத்துரைப்பார். சும்மா சொல்லக்கூடாது, பல்லியினால் போர்டு போவது இந்த ஊரில் மெய்யாகவே நடக்கிற காரியந்தான். ஆனால் எல்லா வீட்டுப் பல்லிகளும் ஒருமுகமாய் அதே தவத்தில் இறங்கியிருப்பதாக நம்புவதற்கு நமக்கு அவருடைய பக்குவம் வேண்டும்.

அந்தத் தகட்டைத்தான் திறந்து பார்த்துவிடலாமே என்று யாரேனும் சொல்லிவிட்டால் வந்தது வினை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்றும், அஜாக்கிரதையாய்த் தொட்டவன் சுவர்வரை போய் விழுவான் என்றும் எச்சரிப்பார். முதற்பாதி முற்றிலும் உண்மையாகையால் நாம் அடங்கிவிடுவோம். அந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டு, தானியங்கி வாஷிங் மெஷின் 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனியாரால் முதன்முதல் வீடுகளுக்கு வந்த காலத்தில், அது அதிர்ந்து நடக்கத் தொடங்கிவிடாதபடி தரையோடு போல்ட் போட்டு இறுக்கவேண்டியிருந்தது என்பதையும் சொல்லிமுடிப்பார். இதற்குள் அம்மாள் துணிகளை வாளியில் அள்ளி, குளியலறையில் கும்மத் தொடங்கியிருப்பாள்.

அவருடைய தீர்ப்பு தோற்றதாகச் சரித்திரம் இல்லை. ஒரு சமயம் மூன்றாவது மாடியில் ‘பெல்ட்’ என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார். வந்த மெக்கானிக், இந்த மாடலில் மோட்டார் நேரே டிரம்மின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, பெல்ட் என்ற வஸ்துவே இதில் கிடையாது என்பதை விநயமாக விண்ணப்பித்துக்கொண்டான். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை.

“அதைத்தானேப்பா நானும் சொல்றேன். ஒரு பெல்ட் இருந்திருந்தா இந்தத் தொல்லை வந்திருக்குமா?”

இத்தகைய மனிதரை மெக்கானிக்குகள் வெறுப்பார்கள் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்தப் ‘பேண்ட்’ விவகாரத்தில் கம்பெனிப் பையன் வந்தபோது நானும் அங்கே இருக்க நேர்ந்தது. முதுகுப்பையை இறக்குமுன் அவன் கேட்டான்:

“கீழ் வீட்டு சார் வந்து பாத்துட்டாராக்கா?”

“பாத்துட்டாருப்பா. போர்டாம். பத்தாயிரத்துக்குக் குறையாதுன்னுட்டாரு. அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமான்னு இவர் ராத்திரியெல்லாம் தூங்கலை.”

பையனுடைய முகத்தில் அப்போது தோன்றிய சாந்தியை வருணிப்பது கடினம். டிரம்மை ஒரு தள்ளு தள்ளினான், காதைச் சாய்த்தான், மெஷினைச் சாய்த்து அடியிலிருந்த ரப்பர் குழாயைக் கழற்றி, கம்பியை விட்டு ஓர் ஐந்து ரூபாய்க் காசை வெளியே எடுத்துத் துடைத்து அம்மாளிடம் பவ்யமாகக் கொடுத்தான். கூலி எழுநூறு என்றான். வேறு நாளாயிருந்தால் எழுநூறுக்கு எழுபது கேள்வி எழுந்திருக்கும்; பத்தாயிரத்துக்கு மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த குடும்பம் அன்று எழுநூறைக் கொடுத்து, காபியும் கொடுத்து, மேலே ஐம்பதும் கொடுத்தது.

படியிறங்கிப் போகையில், கீழே சிமெண்டுப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் எதிரே அவன் தானாகவே போய் நின்றான்.

“ரெடி பண்ணிட்டேன் சார். நல்லவேளை, போர்டு வரைக்கும் போகாம காப்பாத்தியாச்சு.”

“தெரியும்ப்பா” என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே. “பல்லி பெருசா?”