ஹெல்மெட்டோடு மெட்ரோ ஏறுகிறவர்

விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தில் காலை பத்து மணி வாக்கில் நின்று பாருங்கள். ஆபீஸ் கூட்டம் வடிந்திருக்கும். அறுபதைத் தாண்டிய ஒருவர் எஸ்கலேட்டரில் ஆடாமல் அசையாமல் மேலே வருவார். வெளுத்த ஜீன்ஸ், தோல் பெல்ட், பெல்ட்டை மறைக்கும் வயிறு, தலையை விட்டுவிட்டு மீசைக்கு மட்டும் அடித்த டை. இடது முழங்கையில் ஒரு ஹெல்மெட் தொங்கும். பார்க்கிறவர்கள், வண்டியைக் கீழே ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஹெல்மெட். வண்டி வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. அவர் வந்தது ஷேர் ஆட்டோவில்.

இவர்தான் புல்லட் நைனா. ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள், இது ஓர் இனம். திருவொற்றியூரில் தொடங்கி விம்கோ நகர், எர்ணாவூர், கத்திவாக்கம் வரை தெருவுக்கு ஒருவர் தேறுவார். பெயர் வேறு வேறாக இருக்கலாம். முழங்கால் ஒன்றுதான்.

வேறு ஊரில் இந்த இனம் இவ்வளவு செழிக்காது. இந்த ஊர் இரண்டு விஷயங்களால் ஆனது: தீக்குச்சி, புல்லட். 1923-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. அதே திருவொற்றியூரில் என்ஃபீல்ட் தொழிற்சாலை. ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்ட காலத்தில், 1955-இல், மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் சாமான்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு முழு வண்டியும் இங்கேயே தயாரானது. மிச்சத்தை நைனா சொல்லிக் கேட்க வேண்டும். "வெள்ளைக்காரன் 1970-ல கடைய மூட்டுப் பூட்டாம்பா. 1977-ல நாம அவனுக்கே ஏத்துமதி பண்ணோம்!" அந்த 'நாம'வில் அவர் பங்கு என்ன என்று கேட்கக் கூடாது. சில நைனாக்கள் உண்மையிலேயே அசெம்பிளி லைனில் நின்றவர்கள். சிலருக்கு மச்சான் நின்றார். சிலர் கேட் வாசலில் டீ குடித்தவர்கள். டீ குடித்தவர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

எண்பதுகளில் இவர் வண்டி எடுத்த அழகைத் தெருவே பார்த்திருக்கிறது. இப்போது பட்டனைத் தொட்டால் வண்டி கிளம்பிவிடுகிறது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு அது ஒரு பூஜை. சாவியைப் போட்டதும் ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். டிகம்ப்ரஷன் நெம்பைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். ஓரிடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, மொத்த உடம்பையும் இறக்கி ஓர் உதை. 346 சிசி, பதினெட்டு குதிரை. அத்தனை குதிரையும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். அவசரக்காரன் முள் நடுவுக்கு வருமுன் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், அன்றைக்கு அவன் கணுக்கால் வேலைக்கு லீவு. நைனா ஒரு நாளும் அடி வாங்கியதில்லை என்பார். அவர் நடையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்த வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இரவல் கேட்பவனிடம் "எடுத்துட்டுப் போ" என்று தாராளமாகச் சாவியைத் தூக்கிப் போடுவார். அவன் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, தெருமுனை தாண்டாமல் திரும்பி வருவான். நைனாவின் கொடைத்தன்மைக்கு அது ஒரு பாதுகாப்பு.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. நட்டு போல்ட்டைச் சொல்லவில்லை, அதெல்லாம் புல்லட்டில் முதல் நாளிலிருந்தே கழலும். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி ஓட்டுவது நின்றது. அடுத்து எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்கள் மைல் கணக்கில் நிற்க, இரண்டு டிரெய்லருக்கு நடுவே இருக்கும் சந்தில் ஒரு காலத்தில் சிகரெட்டை வாயில் வைத்தபடி நுழைந்தவர், இப்போது தூரத்தில் கண்டெய்னர் மூலை தெரிந்தாலே உள்சாலைக்குத் திரும்பிவிடுகிறார். "ரோடு சரியில்லப்பா" என்பது உத்தியோகபூர்வக் காரணம். பின்சீட்டு அதற்கு முன்பே காலி. அவர் வீட்டம்மா ஒரு கட்டத்தில், "உங்க வண்டில ஏறி இறங்குறதுக்குள்ள நான் நடந்தே தேரடி போய்ட்டு வந்துடுவேன்" என்று சொல்லி ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டார். கடைசியாகக் கிக்கர்.

இதில் முழங்கால் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. படி ஏறும்போது அது போடும் சத்தம் டேப்பெட் சத்தத்தைவிடத் தெளிவு. ஆனால் நைனாவைக் கொஞ்சம் கூர்ந்து கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கால் போவதற்கு ஒரு வருடம் முன்பே ஆசை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போகும் வழியில், பொன்னேரி தாண்டி, வண்டி அருமையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காற்று, வெயில், சத்தம் எல்லாம் சரியாக இருந்தன. திடீரென்று அவருக்கு, "இவ்ளோ தூரம் எதுக்கு வந்தோம்?" என்று தோன்றியது. ஏரியைப் பார்க்காமல், மீன் வறுவல் சாப்பிடாமல், திரும்பிவிட்டார். வீட்டில் கேட்டதற்கு "செயின் சத்தம்" என்றார். புல்லட் நைனா இனத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு செயின் சத்தம் உண்டு.

உடம்பு முடியவில்லை என்றால் ஊர் அனுதாபப்படும், ஆயுர்வேத எண்ணெய் பெயர் சொல்லும். 'ஓட்டணும்னே தோணலப்பா' என்றால்? நாற்பது வருடமாக அவரை அழைத்த பெயரில் பாதி கழண்டுவிடும், வெறும் நைனா மிஞ்சுவார். அதனால்தான் முழங்காலை முன்னால் நிறுத்தி மனசு பின்னால் ஒளிந்துகொண்டது. வண்டி ஓட்டும் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார், புல்லட்காரர் என்கிற பதவியை மட்டும் ராஜினாமா செய்யவில்லை.

பதவியைக் காப்பாற்ற எவ்வளவு உழைப்பு தெரியுமா? ஓட்டிய காலத்தில் வாரம் ஒருமுறை துடைத்தார், இப்போது தினமும். விம்கோ நகரின் உப்புக் காற்றுக்கு குரோமியத்தின்மேல் தீராத பசி. அனல்மின் நிலையப் பக்கத்துக் கரித்தூள் வேறு. அதனால் துடைக்கக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் தார்ப்பாயை விலக்கி, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "டேய், ஒரு உதை வுடு பார்க்கலாம், உனக்கு வருதான்னு பாக்குறேன்" என்பார். பையன் பரீட்சை எழுதுவதாக நினைத்து உதைப்பான். வண்டி கிளம்பும். நைனா ஆக்ஸிலேட்டரைத் திருகி இரண்டு நிமிடம் தெருவுக்குச் சத்தம் கேட்கவைப்பார். "பேட்டரி சார்ஜ் ஏறணும்ல." ஸ்டாண்டில் நின்றபடியே அந்த வண்டி இந்நேரம் திருப்பதி போய் வந்திருக்கும்.

காய்கறிக்கு மருமகளின் ஸ்கூட்டி. அதில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொள்வார், தூசிக்காக அல்ல. எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார், அந்தக் காலத்து ஆர்எக்ஸ் 100 ஆசாமி. அவர் தன் வண்டியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, பேத்தியைப் பள்ளியில் விட பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். "சத்தமே இல்ல, ஜோரா கீது" என்று வெட்கமில்லாமல் சொல்கிறார். அவரைப் பற்றிச் சொற்சித்திரம் எழுத முடியாது, சந்தோஷமாக இருக்கிறார்.

மெட்ரோ பயணம் பெரும்பாலும் புதுப்பேட்டைக்கு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதில் யாருக்கு லாபமோ, நைனாவுக்குப் பெரிய லாபம். சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கினால் பழைய வண்டிச் சாமான் கடைகள் எட்டும் தூரம். ஓடாத வண்டிக்குக் கிளட்ச் கேபிள் வாங்க ஏசி ரயிலில் போய் வருவார். கடைக்காரர் புது கேபிளை நீட்டினால் முகம் சுளித்து, "ஒரிஜினல் இல்லியா?" என்பார். ஒரிஜினல் எடுத்துக் கொடுத்தால் விலை கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் வர்றேன்" என்பார். வாங்கிவிட்டால் அடுத்த வாரம் எதற்கு வருவது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுதான் இந்த இனத்தின் உள்மனம் வெளியே தெரிந்தது. எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்து, வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பு பூசிவிட்டுப் போனது நினைவிருக்கும். தண்ணீர் வாசலில் ஏறியதும் வீட்டம்மா பிரிட்ஜைத் தூக்கச் சொல்ல, நைனா நாலு பையன்களைச் சேர்த்துப் புல்லட்டைத் திண்ணைமேல் ஏற்றினார். பிரிட்ஜ் நனைந்தது. அப்படியும் டூல் பாக்ஸில், கையால் இழுத்த தங்கக் கோட்டுக்குக் கீழே, எண்ணெய் தன் பங்குக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டது. தங்கக் கோட்டைத் தொடாமல் கறுப்புக் கோட்டை மட்டும் துடைத்தெடுக்கத் தை மாதம் வரை ஆயிற்று. ஆசை போன பிறகும் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். ஓட்டும் ஆசை வேறு, வண்டிமேல் பிரியம் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் நைனா இவ்வளவு பேஜார் படுகிறார்.

அரசாங்கத்துக்கும் இவர் விஷயம் புரிந்திருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பத்தைந்து தாண்டிய ஆளின் லைசென்ஸும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான், டாக்டர் சர்டிபிகேட்டோடு. இருவரும் ஒரே கியூ. வண்டி முதலில் பாஸ் ஆகும்.

வெளிநாட்டில் இதற்கு வேறு வைத்தியம் பார்க்கிறார்கள். வயதான ரசிகர்கள் வண்டியைச் சாய்க்காமல் உட்காரட்டும் என்று ஹார்லி டேவிட்சன் கம்பெனி 2008-இல் மூன்று சக்கர வண்டியே கொண்டுவந்துவிட்டது. செல்போனில் படத்தைக் காட்டினேன். நைனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரிவர்ஸ் கியர் கீதா?" "இருக்கு நைனா." "மூணு வீலு, ரிவர்ஸ் கியரு. இத்தத்தானேப்பா காலடிப்பேட்டைல மீட்டர் போடாம ஓட்டுறாங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

விற்றுவிடலாமே என்றால், வாங்க ஆள் வராமலா இருக்கிறது? பழைய இரும்பு எஞ்சின் புல்லட் என்றால் போரூர், வேளச்சேரியிலிருந்தெல்லாம் ஐ.டி. பையன்கள் வருகிறார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை மாமனார் விசாரிப்பதுபோல விசாரணை நடக்கும். என்ன வேலை, வீடு சொந்தமா, வண்டி நிற்க நிழல் உண்டா. எல்லாம் பொருந்தி வரும் நேரத்தில் பையன், "அங்கிள், மைலேஜ் என்ன தரும்?" என்று வாயைத் திறப்பான். சம்பந்தம் அத்தோடு முறியும். மைலேஜ் கேட்காத ஒருவன் வந்தான். "செல்ப் ஸ்டார்ட் மாத்திக்கலாம்ல?" என்றான். அவனுக்குக் காபிகூட வரவில்லை.

இந்த இளவட்டங்களுக்கு நைனா என்றால் உயிர். 2009-க்குப் பிறகு கிளாசிக் வாங்கிய தலைமுறை. புல்லட் பிறந்த ஊரின் மூத்தவர் என்று ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு இவரைத்தான் கொடியசைக்கக் கூப்பிடுகிறார்கள். விடிகாலை ஐந்தரைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டி தெருவில் வந்து நிற்கும். நைனா தோல் ஜாக்கெட்டில், ஹெல்மெட் கையில், தயார். புல்லட்டும் தார்ப்பாய் விலகித் தயார். கொடியசைத்துவிட்டு, "நீங்க முன்னால போங்கப்பா, ஆயில் பாத்துட்டு அப்பால வர்றேன்" என்பார். கடைசி வண்டி முனை திரும்பும் வரை கையை இறக்க மாட்டார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு சாய்வு நாற்காலியில் விழுந்துவிடுவார்.

ஏழு மணிக்குப் பொன்னேரியிலிருந்து போன் வரும்.

"நைனா, எங்க கீறீங்க? நாஷ்டாவுக்கு வெயிட் பண்றோம்."

வீட்டுக்குப் பின்னால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ஒரு மின்சார ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நைனா போனை ஜன்னல் பக்கம் நீட்டுவார்.

"கேக்குதா? வழில கேட் போட்டுட்டாம்பா. நீங்க துன்னுங்க."

"சரி நைனா, பொறுமையா வாங்க."

போனை வைத்ததும் சமையலறையிலிருந்து வீட்டம்மாவின் குரல் வரும்:

"கேட்டு தொறந்தா சொல்லுங்க. சட்னி அரைக்க மிக்ஸி போடணும்."