பிடில் வந்தது, தாள் வரவில்லை

வெள்ளறடை, பாறசாலைப் பக்கம் இன்று பிடில் தொடங்கும் பிள்ளைக்கு இரட்டைத் தண்டனை. சர்ச் பாட்டுக்குழுவில் ஐந்து கோட்டில் எழுதிய மேல்நாட்டு நோட்டைப் படிக்கவேண்டும். பாகவதர் வீட்டிலோ சரிகமபதநி. இதற்கு யாரைத் திட்டலாம் என்று கேட்டால், பாலுசாமி தீட்சிதரைச் சிபாரிசு செய்வேன்.

1786இல் பிறந்தவர், முத்துசாமி தீட்சிதரின் தம்பி. கும்பினி துபாஷான மணலி முதலியார் அண்ணன் தம்பிகளைச் சென்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரன் பாண்டைக் கேட்கவைத்தார். அண்ணன் மெட்டைச் சுட்டார்: 'காட் சேவ் தி கிங்'கில் ராஜாவை எழுப்பிவிட்டு அம்பாளை உட்காரவைத்தார். தம்பி வாத்தியத்தையே, அதாவது பிடிலையே சுட்டார். ஒரு ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் படித்தாராம். வில் வந்தது, விரல் வந்தது. நோட்டுத் தாளை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டார்.

அதற்கும் நியாயம் உண்டு. அந்தத் தாளின் இடது ஓரத்தில் ஒரு கொக்கி, இரண்டாம் கோட்டைச் சுற்றிக்கொண்டு, 'இதுதான் ஜி' என்று அதிகாரம் பண்ணும். நம் ஷட்ஜமோ பாடகர் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே. அதற்காகத் தந்தியையே இறக்கி ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொள்கிறோம். ஆடிக்கொண்டே இருக்கும் தோடி காந்தாரத்தை ஒரு கோட்டில் உட்காரச் சொல்லிப் பாருங்கள்!

பிடில் வித்வான் தஞ்சை வடிவேலு திருவனந்தபுரத்துக்கு வந்தபோதும் இதே கதை. நெய்யாற்றின்கரை வழியாகத்தான் வந்திருப்பார். வழியில் யாரும் நோட்டுக் கேட்டதாகத் தகவல் இல்லை. 1834இல் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான பிடில் பரிசளித்தார். திருவிதாங்கூரில் யானைக்கா பஞ்சம்? தாள்தான் யாரும் தரவில்லை.

1890களில் சென்னை அரசுச் செயலகத்து உத்தியோகஸ்தர் சின்னசாமி முதலியாருக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. கர்நாடக சங்கீதத்தை ஐந்து கோட்டில் எழுதியே தீருவேன் என்று எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரைப் பிடித்தார். அவர் யார்? பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தா வைத்த பாக்கி வட்டியோடு பேரன் தலையில்! முதலியார் கண் மங்கும்வரை எழுதினார், வேலை முடியவில்லை.

பேரன் கடைசியில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சேற்றினார். ஐந்து கோட்டுக்கு அதில் இடமில்லை. தெலுங்கு எழுத்தில் ஸ்வரங்கள், தலைக்குமேல் கமகக் குறிகள். ஸ்வரம் அசையும் கம்பிதத்துக்கு ஒரு நெளிவு. வழுக்கிப் போகும் ஜாருவுக்குக் கோடு உண்டு; அதுவும் சாய்ந்துதான் கிடக்கிறது.