கிள்ளி விடு அப்பு, நல்லாத் தழைக்கும்

வாடா அப்பு, உக்காரு. கடல் இங்க சும்மா கெடக்கு; நீ சிங்கப்பூர்ல அதைக் கண்ணாடித் தொட்டிக்குள்ள ஊத்தி, கரண்ட் பில்லும் கட்டுற. சந்தோசம். இப்ப அதுல பழுப்பு நிறத்துல, ஒல்லிக் கழுத்தும் தும்புத் தலையுமா ஒண்ணு முளைச்சிருக்கு, கைய நீட்டினா சுருக்குன்னு துளைக்குள்ள ஓடுதுன்னு அழுவுற. அதுக்குப் பேரு ஐப்டேசியா. காசு குடுத்து வாங்குன பவளத் துண்டுல ஓசியில ஒட்டி வந்தது. "தாத்தா, பூ பூத்திருக்கு"ன்னு போன மாசம் படம் அனுப்புனது நீதான?

சரி, அது நல்லாப் பல்கிப் பெருகணும்னா வழி சொல்றேன். இடுக்கிய எடுத்து வெடுக்குன்னு புடுங்கு. அடிப்பாதத்துல ஒரு துணுக்கு பாறையில ஒட்டிக் கெடந்தாப் போதும், அது தனி ஆளா எந்திரிச்சு நிக்கும். நீ கை வைக்காட்டியும் அது நகர்ற வழியெல்லாம் பாதத்தைக் கிள்ளிப் போட்டுக் குட்டி போட்டுக்கும். நீ கூட நின்னு பிரசவம் பாத்தா அதுக்கு வலிக்குமா? அப்புறம் மீனுக்கு நாலு வேளை இரை கொட்டு. மிச்சம் பூரா அதுக்குத்தான். இரை இல்லாட்டியும் சாவாது. உடம்புக்குள்ள பாசிய வச்சு வெளிச்சத்துலயே சோறாக்கிக்கும், பவளம் மாதிரியே. அதனாலதான் பவளத்தைப் பத்திப் படிக்கிறவங்க ஆய்வுக்கூடத்துல இதை வளக்குறாங்க. நீ சம்பளம் இல்லாம வளக்குற.

ஒழிக்கத்தான் வேணுமா? என் வெத்தலைப் பெட்டியப் பாரு. சுண்ணாம்பு! நீங்க கடல்தொட்டிக் கடையில டப்பா போட்டு வாங்குறதும் இந்தச் சரக்குதான். ஆனா என் டப்பாவைத் தூக்கிட்டு ஓடிறாத, இதுல வாசனை கீசனை கலந்திருக்கும், சுத்தமானதா வாங்கு. களிம்பாக் கொழைச்சு சிரிஞ்சுல ஏத்து. மோட்டாரை நிறுத்து. நிழல் விழாம பக்கவாட்டுல போயி, துளி இரை காட்டு. வாயத் தொறக்கும். அந்த நேரம் பாத்து மெதுவா வாய்மேல அப்பு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்க, தெறிச்சா பார்வை போயிரும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணுக்கு மேல வேணாம். வீரம் வந்து மொத்தத்தையும் ஒரே நாள்ல பூசுனியோ, தண்ணியில காரம் ஏறி மீனும் சேந்து மெதக்கும்.

கை நடுங்குதா? தின்ன ஆள் வை. பெப்பர்மின்ட் இறால் சின்னதைத் தின்னும். பெருசைப் பாத்தா கண்டுக்காது. வாங்கறப்ப முதுகைப் பாரு. கூன் விழுந்து, செவப்புக் கோட்டுக்கு நடுவுல வெள்ளையும் ஓடுனா அது ஒட்டக இறால், உன் பவளத்தையே கொறிக்கும். கடைக்காரன் ரெண்டுக்கும் ஒரே பேரு சொல்லுவான், சிரிச்சுக்கிட்டே. பெர்கியான்னு ஒரு ஓடில்லா நத்தை இருக்கு. ஐப்டேசியாவைத் தவிர வேற எதையும் வாயில வைக்காது. ராத்திரியில மேயும். தீந்து போச்சுன்னா பட்டினியில செத்துரும், பாவம். அதையும் இறாலையும் சேத்து விட்டுறாத. இறால் நத்தையத் தின்னுட்டு ஏப்பம் விடும், உன் காசுல.

தொட்டியில முள்ளுப் புழுவைப் பாத்தாலும் அலறாத. அது பெரும்பாலும் மிச்சம் மீதியத் தின்னு கூட்டிப் பெருக்குற சாதி. வெறுங்கையில தொட்டா முள்ளு ஏறும், அவ்வளவுதான். அது கூடுதுன்னா உன் இரைக்கை நீளம்னு அர்த்தம்.

இன்னொரு சங்கதி. "பவளப் பாறை விலை ஜாஸ்தி, இங்கேருந்து நாலு எடுத்துட்டுப் போறேன்"னு உங்க அத்தைகிட்ட சொன்னியாமே? மன்னார் வளைகுடாப் பவளம் 2001லேருந்து வனவிலங்குச் சட்டத்து முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. ஏர்போர்ட்டுல புடிச்சாங்கன்னா தாத்தா யாருன்னே தெரியாதுன்னு சொல்லிரு.

என்னடா, பேசப் பேச போனை நோண்டுற? இன்னொரு பவளமா? அடேய், அடியத் திருப்பிக் காட்டச் சொல்லுடா முதல்ல!