ஞாயிற்றுக்கிழமை சன்னியாசி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மதுரைத் தெருவொன்றில் வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதிக்கிறது. ஏதாவது ஒரு வீட்டில், தட்டில் ஆறு கறித்துண்டும் ஒரு கை வெள்ளரிக்காயும் வைத்துக்கொண்டு, ஆவி பறக்கிற சோற்றுப் பானைக்கு முதுகைக் காட்டியபடி ஓர் இளைஞர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்த்தால் காதல் தோல்வி மாதிரி இருக்கும். அதெல்லாம் இல்லை. அவருக்கு இன்று ரெஸ்ட் டே.

திங்கள் முதல் சனி வரை இவர் நம்மைப் போலத்தான். காலையில் ஏழு இட்லி, மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடி நெளிகிற அளவுக்குச் சோறு, சாயங்காலம் ஜிம்முக்கு முன்னால் ரெண்டு வாழைப்பழம். அந்த ஆறு நாளும் உள்ளே போவதெல்லாம் நேரே மசிலுக்குப் போகிறது என்பது அவர் நம்பிக்கை. ஏழாம் நாள் ஜிம்மைப் பூட்டுகிறார்கள். அதோடு இவர் வாயையும் பூட்டிக்கொள்வார்.

“ஒர்க் அவுட் இல்லாத நாள்ல கார்ப் எடுத்தா, அது அப்படியே ஃபேட்டா மாறிடும்ணே. நான் லீனா ஏத்திக்கிட்டிருக்கேன்.”

எங்கே ஏற்றுகிறார் என்று தேடக்கூடாது. கையில்லாத பனியன் போட்டிருப்பார். கைகள் உடம்பில் படாமல் விலகியே தொங்கும். கடைக் கண்ணாடி, ஏடிஎம் கதவு, நிறுத்தி வைத்த கார் என்று எது எதிர்ப்பட்டாலும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். சம்பளத்தில் பாதி வே புரோட்டீன் டப்பாவுக்குப் போகிறது. தீர்ந்த டப்பாக்களில் அவர் அம்மா உளுந்து, கடலைப் பருப்பு, வரமிளகாய் போட்டு வைத்திருக்கிறார். அந்த வீட்டு அடுப்படி அலமாரியைப் பார்க்கிறவர்கள் குடும்பமே பயில்வான் குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தினமும் ஆறு முட்டை. வெள்ளைக்கரு மட்டும். முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சளில்தான் இருக்கிறது, ஆனால் அது வாசலில் காத்திருக்கும் நாய்க்கு. அந்தத் தெருவில் லீனாக ஏறியிருப்பது அந்த நாய் ஒன்றுதான். ரோமம் என்ன மினுமினுப்பு!

அம்மாவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை விரதம் பிடிபடவே இல்லை. “அமாவாசையும் இல்ல, கார்த்திகையும் இல்ல. எந்தச் சாமிக்குடா இந்த விரதம்?” என்று கேட்பார். அப்பா கேட்கவே மாட்டார். மகன் ஒதுக்குகிற சோறு நல்லி எலும்போடு தம் பக்கம் நகர்ந்து வருவதில் அவருக்கு வருத்தமொன்றும் இல்லை. அப்பத்தாதான் விடாமல் கேட்கும்: “வேல செய்யாத நாளு சோறு கெடையாதுன்னா, ஒங்க தாத்தா பொழச்சிருப்பாராடா?”

அவர் பதில் சொல்லாமல் தராசை எடுப்பார். ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் தராசு. தட்டை வைத்து, ஒரு பொத்தானை அமுக்கி, பூஜ்யம் வந்ததும் ஏதோ மருந்து கலக்குகிற கவனத்தோடு ஒவ்வொரு துண்டாக வைப்பார். பிறகு போனில் பதிவு. ஆறு நாளும் இதே பூஜைதான். இங்கேதான் ஒரு வேடிக்கை. அவர் நிறுப்பது வெந்த சோறு. ஆப்பில் தொடுவது அரிசி. அரிசி 100 கிராமுக்கு 350 கலோரி. அதுவே தண்ணீர் குடித்து வெந்து சோறானால் 100 கிராமுக்கு 130 கலோரிதான், மாவுச்சத்து 28 கிராம்தான். ஆக மனிதர் மாதக்கணக்கில் ஒரு பங்கு சோற்றைத் தின்றுவிட்டு, இரண்டரைப் பங்கு தின்ற குற்ற உணர்ச்சியோடு தூங்கியிருக்கிறார்.

எதை நிறுக்க மாட்டார் என்பதும் முக்கியம். முக்குக் கடையில் நாலு தடவை சர்க்கரை தூக்கலாகக் குடிக்கிற டீ கணக்கில் வராது, அது தண்ணிதானே. ஜிகர்தண்டா வரவே வராது. “பாதாம் பிசின்ணே. உடம்புக்குக் குளிர்ச்சி.”

ரெஸ்ட் டே என்று சொல்கிறாரே, வீட்டில் படுத்துக் கிடப்பாரா என்றால் அதுவும் இல்லை. காலை ஆறரைக்கே பேட்டைத் தூக்கிக்கொண்டு வைகைக்குள் இறங்கிவிடுவார். தண்ணீர் ஓடாத நாட்களில் அந்த ஆறு ஒரு பெரிய கிரிக்கெட் மைதானம். மணலில் மூன்று மேட்ச். பவுலிங் இவர், டீப்பில் ஃபீல்டிங் இவர், முள்ளுக்குள் விழுந்த பந்தைத் தேடப் போவதும் இவர். வாரத்திலேயே அதிகம் ஓடுகிற நாள் அதுதான். ஆனால் ஜிம்மில் கையெழுத்துப் போடாததால் அது உழைப்பில் சேராது.

உண்மையில் ஜிம்முக்குப் போகாததால் மிச்சமாவது எவ்வளவு? 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் எடை தூக்கினால், வேகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 250 முதல் 400 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 70 போகும். அதைக் கழித்துப் பார்த்தால், ஜிம் இல்லாத நாளில் ஒன்றிரண்டு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொள்வது நியாயம். பானையையே துறப்பதற்கு அதில் இடமில்லை. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். இவருடைய மூளை ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு கேட்கிற மாதிரி தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கம், தசை கூடுவது டம்பெல்லைத் தூக்குகிற நேரத்தில் அல்ல. தூக்கி முடித்த பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள் வரை உள்ளே கட்டுமானம் மும்முரமாக நடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் முதுகையும் பைசெப்ஸையும் அடித்து நொறுக்கிவிட்டு வந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அவர் முதுகுக்கு அன்றுதான் டூட்டி. தசைக்குள் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையும் அந்த நேரத்தில்தான் திரும்ப நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதை ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் தொடையை வைத்தே பார்த்தார்கள். 1966இல் வெளியான ஆய்வு. ஒரே சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒற்றைக் காலால் மட்டும் மிதித்துத் தள்ளினார்கள். மற்றக் காலுக்கு வேலை இல்லை. மிதித்த கால் ஓய்ந்துபோன பிறகு, அடுத்த மூன்று நாள் மாவுச்சத்தாகவே சாப்பிட்டு, இரண்டு தொடையிலும் ஊசி விட்டுத் தசைத் துணுக்கு எடுத்தார்கள். சும்மா இருந்த காலைவிட, மிதித்த காலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிளைகோஜன். உழைத்த இடம் எது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அது மிதிக்காத நாட்களிலும் மறக்காமல் பார்சலை அங்கேயே கொண்டுபோய் இறக்கியிருக்கிறது.

தம்பியிடம் இதை விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவங்க ஸ்வீடன்ணே. நம்ம ஜீன் வேற.”

ரெஸ்ட் டேயில் முகூர்த்தம் வந்தால் இவர் பாடு சொல்லி மாளாது. பந்தியில் உட்கார்ந்து இலை போட்டாயிற்று. சோற்று வாளி வந்ததும் இரண்டு கையாலும் இலையை மறைத்து, “வேணாம், சாம்பார் மட்டும் ஊத்துங்க” என்பார். பரிமாறுகிறவருக்குக் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். சோறில்லாத இலையில் சாம்பாரை எங்கே ஊற்றுவது? அது ஓடும். இவர் முருங்கைக்காயை வைத்து அணை கட்டுவார்.

பக்கத்து இலைப் பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெல்லக் குனிந்து கேட்பார்: “எப்ப இருந்து தம்பி சுகரு?”

“சுகரெல்லாம் இல்லங்க. ரெஸ்ட் டே.”

“எனக்கும் ஆரம்பத்துல ஒத்துக்க மனசு வரல. வெந்தயத்த ராத்திரியே ஊறப் போட்டுருங்க.”

எதிர் வரிசையிலிருந்து பாகற்காய்ச் சாறு வரும். கை கழுவுகிற இடத்தில் ஆவாரம்பூ வரும். ஒரு அம்மா தம் கொழுந்தனாருக்குக் கால் விரல் எடுத்த கதையை ஆரம்பிப்பார். நம் ஊரில் சோறு வேண்டாம் என்பவர் ஒன்று கோபத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரையில் இருக்க வேண்டும். மூன்றாவது காரணத்தை யாரும் ஏற்பதில்லை. “பையனுக்கு இந்த வயசுலயே சுகராம்ல” என்ற செய்தி அடுத்த முகூர்த்தத்துக்குள் ரெண்டு ஊர் தாண்டியிருக்கும். பொருந்தி வந்த ஒரு ஜாதகம் அதன் பிறகு பொருந்தாமல் போன கதையை அவர் அம்மா இன்னும் மகனிடம் முழுதாகச் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு மேல் ஆள் சோர்ந்துவிடுவார். கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பார். தசை காற்றுப் போன மாதிரி தெரியும். ஆனால் எடை மெஷின் ஒரு கிலோ குறைவாகக் காட்டும். “ஃபேட் போச்சு!” போனது கொழுப்பில்லை. ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து வைக்கும். அது காலியானால் தண்ணீரும் மூட்டை கட்டும். இவர் தண்ணீரை இழந்துவிட்டு அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்.

இனிமேல்தான் கிளைமாக்ஸ். மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர் வைத்தவர்கள் இவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் வைத்தார்களோ என்னவோ. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு பரோட்டாக் கடை வாசலில் வண்டியில் சாய்ந்தபடி நிற்பார். கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம், முட்டை கலக்குகிற சத்தம், சால்னா வாசனை. உள்ளே போக மாட்டார். போனையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைப்போம். திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கிறார். பன்னிரண்டு அடித்ததும் உட்கார்ந்து, “அண்ணே, நாலு பரோட்டா, ஒரு முட்டை வீச்சு!”

திங்கட்கிழமை லெக் டே. லெக் டேயில் கார்ப் அனுமதி உண்டு. தேதி மாறிவிட்டது அல்லவா?

காலையில் எடை மெஷின் ஒன்றரை கிலோ ஏற்றிக் காட்டும். காலி இடத்தில் மாவுச்சத்தும், அது கூட்டி வந்த தண்ணீரும், சால்னாவின் உப்பும், இன்னும் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும் பரோட்டாவும். தம்பி இடிந்துபோவார். “பாத்தீங்களாண்ணே? கார்ப் தொட்டா போதும், ஏறிடுது.” அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளரிக்காயும் கட்.

குறையாகவே சொல்லக்கூடாது. புரதக் கணக்கில் ஆள் சரியாகத்தான் இருக்கிறார். தசை ஏற்றுகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதுமானது என்பது இப்போது பரவலாக ஏற்கப்படுகிற கணக்கு, அதை அவர் தவறவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒயின்ஷாப் வரிசையில் நிற்கிற சினேகிதர்களோடு ஒப்பிட்டால் தங்கமான பிள்ளை. மேடையேறுகிற ஆணழகன்கள் போட்டி நெருங்கும்போது ஒரு நாள் கூட்டி ஒரு நாள் குறைத்து கார்ப் எடுக்கிற வித்தையும் உண்டு. அதை மேடையும் இல்லாமல், கரைக்கக் கொழுப்பும் இல்லாமல், ஏறவே ஏறாத எடையோடு இவர் செய்கிறார். லேசான பயிற்சி நாளுக்கே கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் மாவுச்சத்து என்கின்றன விளையாட்டு ஊட்டச்சத்து வழிகாட்டிகள். 70 கிலோவுக்குக் குறைந்தது 210 கிராம். இவர் ஞாயிறு பகலில் தொடுவது டீயில் கரைந்த சர்க்கரையை மட்டும்.

கடைசியில் ஜிம் மாஸ்டர்தான் வழிக்குக் கொண்டுவந்தார். மாஸ்டருக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தக் காலத்துக் கர்லாக்கட்டை இரண்டை மூலையில் சாத்தி வைத்து, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார். திங்கட்கிழமை ஸ்குவாட் அடிக்கையில் பாதியில் கண் இருட்டி உட்கார்ந்த தம்பியின் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கேட்டார்:

“நேத்து என்னடா தின்ன?”

சொன்னார். பரோட்டாவைச் சொல்லவில்லை.

“மனோகர் ஐச் தெரியுமா? வங்காளத்துக்காரர். 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்குனவரு. அஞ்சடி கூட இல்ல. பழைய சோத்துத் தண்ணிய மெச்சிப் பேசுன மனுசன், 104 வயசு இருந்தாரு. அவருக்குத் தெரியாத கார்ப்பாடா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?”

“இல்ல மாஸ்டர், ரெஸ்ட் டேல…”

“காங்கிரீட் போட்டு முடிச்ச மறுநா கொத்தனார் வரமாட்டான். வேல இல்லன்னு தண்ணி ஊத்தாம விட்டுருவியா? அன்னைக்குத்தான்டா கியூரிங்கு. போயி சோறு தின்னு.”

தம்பியின் அப்பா கொத்தனார். ஸ்டாக்ஹோம் செய்யாததை இந்த ஒரு வார்த்தை செய்துவிட்டது. ஆனாலும் கேட்டார்:

“எத்தன கிராம் மாஸ்டர்?”

“பசி அடங்குற வரைக்கும்.”

ஆப்பில் அப்படி ஓர் அளவு இல்லை. தம்பி வாரம் முழுக்கத் தேடினார். கிண்ணம் இருக்கிறது, கரண்டி இருக்கிறது, அவுன்ஸ் கூட இருக்கிறது. வேறு வழியில்லாமல், 210 கிராம் கார்ப் என்றால் வெந்த சோறு முக்கால் கிலோ, அதை மூணு வேளைக்குப் பிரித்தால் வேளைக்குக் கால் கிலோ என்று தாளில் எழுதி (இந்த முறை வெந்த சோற்றையே தொட்டு) அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தாளை வாங்கி உளுந்து டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு, வாழை இலை, பானையில் சோறு. மகன் சோறு கேட்கிறான் என்று அம்மாவுக்குக் கண் கலங்குகிற மாதிரி ஆகிவிட்டது. அப்பா தம் நல்லி எலும்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். தம்பி இலையை நகர்த்திவிட்டு அலமாரியைத் துழாவினார்.

“அம்மா, எங்க என் தராசு?”

வாசலில் கூட்டம். தள்ளுவண்டி நிற்கிறது. திண்ணையில் டிஜிட்டல் தராசு, அதன் மேல் சின்ன வெங்காயம். அப்பத்தா பொத்தானை அமுக்கி பூஜ்யம் வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது.

“அரைக் கிலோன்னு குடுத்தியேப்பா, நானூத்திப் பத்துதான் காட்டுது. மிச்சத்தப் போடு. அப்படியே அந்தத் தக்காளியையும் இங்க வையி.”

பின்னால் இன்னும் மூன்று வீட்டுப் பெண்கள் பையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

“அப்பத்தா, சோறு நிறுக்கணும், தராச குடு.”

“போடா, ஒனக்கென்ன அவசரம். இன்னைக்கு ரெஸ்ட் டேதான?”