காது வழியே இறங்கும் டெல்லி

தை மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து டெல்லிக்குப் புறப்படும் அண்ணாச்சியின் பெட்டியை, அவர் அசந்த நேரம் பார்த்துத் திறந்தால் மேலாக இருப்பவை இவை: குரங்குக் குல்லா இரண்டு (ஒன்று தொலைந்தால் இன்னொன்று), மப்ளர், காதில் வைக்கப் பஞ்சு ஒரு பொட்டலம், விக்ஸ் டப்பா, தைலம், ஓமம், சுக்கு, மிளகு, விரலி மஞ்சள், காய்ச்சல் மாத்திரை இரண்டு அட்டை, குடை. அடியில் எங்கோ ஒரு ஸ்வெட்டர். கையுறை கிடையாது. காலுறை ஒரே ஒரு ஜோடி, அதுவும் மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கியது. காலுக்குத் தோல் செருப்பு. குளிரே தெரியாத மனுஷன் கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டிருக்கிறார் என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் பெட்டியைப் பார்த்தார்களே தவிர, படிக்கவில்லை. அது மிகுந்த யோசனையோடு அடுக்கப்பட்ட பெட்டி. அதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது: குளிர் என்பது ஒரு வியாதி, அது மேலிருந்து இறங்கும், காது வழியாக உள்ளே போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால் குடை உட்பட எல்லாமே நியாயமாகத் தெரியும்.

இந்தக் கொள்கையை அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. ஊரும் மொழியும் சேர்ந்து அவருக்குக் கொடுத்தது. தூத்துக்குடிக்குத் தெரிந்த பனி பெயரளவில்தான். பனிமய மாதா கோயில் 1713இலிருந்து அங்கே இருக்கிறது. ரோமாபுரியில் ஒரு குன்றின் மேல் நடுக்கோடையில் பனி பெய்தது என்ற பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது. அந்த மாதாவின் திருவிழா ஆகஸ்ட் 5ஆம் தேதி, சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கத்தில், சாதி மத வித்தியாசமில்லாமல் ஊரே வேர்த்து விறுவிறுத்துக் கொண்டாடுவது. மற்றபடி பனி என்றால் மார்கழி விடியற்காலையில் இறங்குவது. அது தலையில்தான் இறங்கும். ஆகவே தலையில் துண்டு போட வேண்டும். தமிழும் இதில் அண்ணாச்சிக்கு ஒத்தாசை செய்யவில்லை. கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர வாழ்த்துகிறோம், வயிறு குளிரச் சாப்பிடுகிறோம். வெயிலில் வெந்த மொழிக்குக் குளிர்ச்சி என்பது பாக்கியம். அந்தச் சொல் கெட்ட சகவாசத்தோடு சேரும் இடம் ஒன்று உண்டு: குளிர்காய்ச்சல். அண்ணாச்சி தன் வாழ்க்கையில் பல் கிட்டிக்க நடுங்கியது காய்ச்சலில் மட்டும்தான். எனவே டெல்லிக்குப் போவது என்றால் அவர் உடம்பு புரிந்துகொள்வது, ஒரு வாரம் காய்ச்சலில் படுக்கப் போகிறோம் என்பதுதான். அதற்கேற்ற சாமான்களை எடுத்து வைக்கிறார்.

குடைக்கும் இதே கணக்கு. தூத்துக்குடியில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் அதன் குளிர்காலம். சளியும் காய்ச்சலும் மழையோடு வருகின்றன. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்த ஜில்லாவுக்கு, மழையில்லாத குளிர் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னால் நம்பிக்கை வருமா? டெல்லியில் ஜனவரி மாதம் முழுவதும் சேர்த்துப் பெய்வது சராசரியாக இரண்டு சென்டிமீட்டர். காயல்பட்டினத்தில் அன்றைக்கு அது ஒரு வீட்டு வாசலுக்குக் காணாது.

கொள்கை பிசகுவது எங்கே என்றால், டெல்லிக் குளிர் மேலிருந்து இறங்குவதில்லை, தரையிலிருந்து ஏறுகிறது. அங்கே பெரும்பாலான வீடுகள் ஐரோப்பிய வீடுகளைப் போலச் சுவருக்குள் சூடு ஓடும் வீடுகள் இல்லை. மே மாத வெயிலை மனதில் வைத்துப் பளிங்கும் மொசைக்கும் பாவியவை. ஜனவரியில் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தால், குளிர் உள்ளங்காலில் பிடித்து முழங்காலுக்கு வந்து இடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று வளர்ந்த அண்ணாச்சி, தலையில் குரங்குக் குல்லா, காதில் பஞ்சு, கழுத்தில் மப்ளர் என்று கோட்டைக் கொத்தளங்களை எல்லாம் காபந்து செய்துவிட்டு, கோட்டைக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்கிறார். பஞ்சு அடைத்த காதில் மகள் சொல்வதும் விழுவதில்லை. அவள் சொல்வதோ, "அப்பா, சாக்ஸ் போடுங்க" என்பது.

டெல்லி என்ன இமயமலையா, இத்தனை பயம் எதற்கு என்று கேட்கலாம். பயத்தில் தப்பில்லை. தூத்துக்குடியில் தை மாத அதிகாலை சராசரியாக 21, 22 டிகிரிப் பக்கம் நின்றுவிடும். டெல்லியில் ஜனவரி நடுப்பகலின் சராசரியே 20தான். அதாவது, இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு ஓடும் குளிர்தான் அங்கே பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கும் வெயில். ராத்திரி சராசரியாக ஏழு டிகிரிக்கு இறங்கும். மோசமான வருஷங்களில் இரண்டு, மூன்று. 1935 ஜனவரியில் சப்தர்ஜங்கில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கிறது. வானிலைத் துறையே இந்த விஷயத்தில் அண்ணாச்சியின் கட்சி: சமவெளி ஊர்களுக்கு வெப்பம் 10 டிகிரிக்கு இறங்கினால்தான் குளிர் அலை என்ற பேச்சையே எடுக்கும், கடற்கரை ஊர்களுக்கு 15 என்று தனிச்சலுகை வைத்திருக்கிறது. ஆகவே பயந்தது சரி. பயந்த உறுப்புதான் தப்பு.

இதே கரையில், இடுப்பில் ஒரு துணியும் கையில் ஒரு வலைப்பையுமாக, கால் கல்லைக் கட்டிக்கொண்டு பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி முத்துச்சிப்பி அள்ளியவர்களின் பேரன்மாரா இப்படி என்றும் கேட்பார்கள். கேட்கிறவர்கள் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, முத்துக்குளிப்பு நடந்தது கடல் அமர்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில். மன்னார் வளைகுடாத் தண்ணீர் அப்போது குளிப்பாட்டி விடுகிற பதம். இன்னொன்று, அந்த வீரர்களும் சும்மா இறங்கிவிடவில்லை. சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று ஒருவர் கரையில் இருந்து மந்திரம் ஓத வேண்டும். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் தோணி நகராது என்பதால், மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத வெள்ளைக்கார அரசாங்கமே அவரை வைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத எதிரியிடம் போகிறவனுக்கு ஒரு கட்டு வேண்டியிருக்கிறது. 1961ஓடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. கடல்கட்டியின் உத்தியோகத்தைக் குரங்குக் குல்லா எடுத்துக்கொண்டது. அது குளிரைத் தடுக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். கட்டியிருக்கிறோம் என்ற தெம்பில் தோணி நகர்கிறது. கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் முத்துக்குளிப்பவர் இறங்குவார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு, தங்கை தாலிக்குப் பயந்தாவது இழுத்துவிடுவான் என்று. டெல்லி ஸ்டேஷனில் விடியற்காலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் மருமகனுக்கும் அதே வேலைதான்.

ஸ்வெட்டருக்கு வருவோம். அது அண்ணாச்சியுடையது இல்லை. கிரேட் காட்டன் ரோடு என்று சாலைக்கே பருத்தியின் பெயரை வைத்துக்கொண்ட ஊர் இது. 1908இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தமும் பருத்தி நூலைச் சுற்றித்தான். கம்பளி இங்கே தேசாந்திரி. ஒரு தெருவுக்கு ஒரு ஸ்வெட்டர் இருக்கும். அது காசி, டெல்லி, குலு மணாலி எல்லாம் பார்த்திருக்கும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு உடம்புகளோடு. அந்துருண்டை வாசனை அதன் பாஸ்போர்ட். இது போதாது என்று தோன்றினால் கப்பல்காரத் தம்பி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். ராட்டர்டாமிலும் ஹாம்பர்க்கிலும் மேல்தளத்தில் நின்று வேலை பார்ப்பதற்கென்று கப்பலில் கொடுத்த ஜாக்கெட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுப்பார். "அண்ணாச்சி, இதைப் போட்டா பனிக்கட்டிக்குள்ள படுத்துத் தூங்கலாம்." தூங்கலாம், ஆனால் கையை மடக்க முடியாது. நடுப்பகல் வெயிலில் இந்தியா கேட் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு, டெல்லியில் வேர்க்கிற ஒரே மனிதராக அண்ணாச்சி நிற்பார். இரவல் எதற்கு, கரோல் பாக்கிலோ சரோஜினி நகரிலோ இறங்கினால் இங்கே கேட்பதில் பாதி விலைக்குக் கிடைக்குமே என்பது விவரம் தெரிந்தவர்களின் வாதம். கணக்குப்படி சரியான வாதம். ஆயுளில் ஏழு நாள் போடப்போகும் பொருளைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்பது வியாபாரியின் பதில். அதுவும் கணக்குப்படி சரிதான். ஆனால் அவர் வாய்விட்டுச் சொல்லாத பதில் வேறு: வியாதி வந்த பிறகா மருந்து வாங்குவது?

இத்தனை பாடுபட்டு வாங்கிய ஸ்வெட்டர் பெட்டியின் அடிக்குப் போனது எப்படி என்பதற்கு மக்ரூன்தான் காரணம். முந்திரியும் சீனியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் அந்தப் பண்டம், விரல் அழுத்தினால் நொறுங்கும், காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். டெல்லியில் இருக்கும் மகளுக்கு மக்ரூன் இல்லாமல் போவது முடியாத காரியம். துறைமுகத்து ஊர்க்காரருக்குப் பெட்டி என்பது கண்டெய்னர். உடையும் சரக்கைச் சுற்றி இடைவெளி விடக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் இருக்கிறது. எனவே மக்ரூன் டப்பாவுக்கு அடியில் ஸ்வெட்டர், இருபக்கமும் ஜாக்கெட்டின் கைகள், மேலே மப்ளர். மீதி இடத்தில் உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஏழு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றியும் தன் இருப்பைத் தெரிவிக்கிற சீலாக் கருவாடு. கம்பளி எல்லாம் மக்ரூனுக்குத்தான் காவல். வழியில் குளிர் வந்தால் ஸ்வெட்டரை உருவ முடியாது. உருவினால் சரக்கு உடையும். அண்ணாச்சி நடுங்கிக்கொண்டே போவார், மக்ரூன் சௌக்கியமாக வந்து சேரும். கருவாட்டோடு ஒரு வாரம் குடியிருந்த ஸ்வெட்டரைத் திரும்ப வாங்கும் வீட்டார் நிலைமையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

நடுக்கம் மணியாச்சியிலேயே ஆரம்பித்துவிடும். முத்துநகர் எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டிதான் அவருடைய முதல் டெல்லி. ரயில்வே தந்த கம்பளியைத் தலைவரை இழுத்து மூடி, குல்லாவைப் போட்டு ஒத்திகை பார்த்துவிடுவார். அப்போதும் பாதங்கள் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் ராத்திரி சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் அதற்கு மேல் ஒன்றரை நாள் பயணம். இந்த இடத்தில் மட்டும் அண்ணாச்சி வீட்டின் ஏற்பாட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் வேளைக்கு, புளியோதரை அடுத்த நாளுக்கு, அட்டவணையிலேயே இல்லாத மூன்றாம் நாளுக்கு முறுக்கும் சீவலும். சிரித்தவர்கள், மதுராவைத் தாண்டி மூடுபனிக்குள் வண்டி ஆறு மணி நேரம் தவழும்போது சிரிப்பை நிறுத்திவிட்டு முறுக்குக்குக் கை நீட்டுவார்கள். சிக்னல் வருகிறது என்று ஓட்டுநரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் பட்டாசு வைத்து வெடிக்கிற மூடுபனி அது. அண்ணாச்சி அறியாத பனி; ஆனால் பசியை அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் போன தலைமுறை, இன்றைய பிள்ளைகள் ஒரு முதுகுப்பையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள் என்று கடைசியாக ஒரு ஆட்சேபம் வரும். ஏறுகிறார்கள். கைபேசியில் டெல்லி 8 டிகிரி என்று பார்த்துவிட்டும் போகிறார்கள். 21க்குக் கீழே அதிகம் அனுபவித்திராத தோலுக்கு 8 என்பது ஒரு எண், அவ்வளவுதான். போட்டோவில் எடுப்பாக இருக்கும் தலைமூடி பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு, கணுக்கால் தெரியும் ஷூவைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். குரங்குக் குல்லா போய்த் தலைமூடி வந்திருக்கிறது. கால் இன்னும் அநாதைதான். அந்தப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் அம்மா வைத்த விக்ஸ் டப்பா இருக்கும்.

ஊர் திரும்பும் அண்ணாச்சியின் கையில் ஒரு ரஜாய் இருக்கும். டெல்லியில் கடைசியில் அவரைக் காப்பாற்றியது அதுதான்: கால்வரை மூடியது. கம்பளிக்கு அத்தனை அலைந்தவர், உள்ளே அடைத்திருப்பது நம்ம ஊர்ப் பருத்திப் பஞ்சு மாதிரியான பஞ்சுதான் என்று தடவிப் பார்த்து அசந்துபோய், வந்த விலைக்கு வாங்கி, கயிறு கட்டித் தூக்கி வருவார். அது நேராகப் பரணுக்குப் போகும். மார்கழியில் இறங்காது, தையில் இறங்காது. அடுத்த ஐப்பசியில் அடைமழை பிடித்து, பேரனுக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பு கட்டிலோடு தூக்கிப் போடும்போது உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வரும்: "ஏட்டி, பிள்ளை குளுருல நடுங்குதான் பாரு. அந்த டெல்லியை இறக்கிப் போத்து."