நீலத் திரை ஜாதகம்

கேள்வி: பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர். திடீர் திடீரென்று நீலத் திரை வருகிறது. வரிசையாகப் பூஜ்ஜியம், கடைசியில் ஏதோ எண். வாசிப்பதற்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. புதுசு வாங்கு என்கிறான் மகன். வாங்கவா?
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. ‘மை கம்ப்யூட்டர்’ மீது வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’. அங்கே தானாக ரீஸ்டார்ட் ஆகச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டால், நீலத் திரை நீங்கள் கண்ணாடி தேடி எடுக்கும்வரை காத்திருக்கும்.

பூஜ்ஜிய ஊர்வலத்தின் கடைசியில் 50 அல்லது 1ஏ வந்தால், முதல் சந்தேகம் ராம் மீது. கரண்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுங்கள். பாதி வழக்கு அங்கேயே தள்ளுபடி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி உங்கள் மேஜைக்கடி வரை வந்து போயிருந்தால், பட்டையில் களிம்பு இருக்கும், ரப்பர் போதாது.

24 என்றால் ஹார்ட் டிஸ்க் தகராறு. பேரன் போட்டோக்களை முதலில் காப்பி எடுங்கள், வைத்தியம் பிறகு.

7பி வந்தால், விண்டோஸுக்குத் தான் குடியிருக்கும் டிஸ்க்கே தெரியவில்லை. கேபிளை அழுத்திப் பாருங்கள். கடிகாரமும் பல வருஷம் பின்னால் போயிருக்கிறதா? மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்து, டிஸ்க் செட்டிங் மாறியிருக்கும். பேட்டரி மாற்றினால் மட்டும் போதாது, பயாஸில் பழைய செட்டிங்கையும் திரும்ப வைக்க வேண்டும்.

உள்ளே சூடேறினாலும் நீலத் திரை வரும்; ஆடிக் காற்று கொண்டுவந்து கொட்டிய புழுதியைக் கம்ப்யூட்டர் ஃபேனிலிருந்து துடைத்தீர்களா?

எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டது. பேங்க் கணக்கை அதில் திறக்காதீர்கள். சீட்டாட தாராளமாகப் போதும்.